மறுபிறவிச் சக்கரம்: பணிநிலையக் கணினியிற் சிறப்புச் செயலியும் பொதுச் செயலியும்

பொற்கொல்லனுடைய பட்டறையில் ஒரு தொழிலுக்கு ஒரு கருவியாகப் பல சிறு கருவிகள் நிரல்பட இருக்கும். கம்பி இழுப்பதற்கு ஒன்று, தகடு வெட்டுவதற்கு ஒன்று, மணி பதிப்பதற்கு ஒன்று. கமக்காரனோ ஒரு மண்வெட்டியைக் கொண்டே வாய்க்கால் வெட்டுவான்; பாத்தி கட்டுவான்; வரம்பு செதுக்குவான்; களையும் களைவான். இவ்விருவருள் எவன் தன் கருவியைத் திறம்படத் தெரிந்தான் என்று வினாவுதல் பொருந்தாது. எத்தொழிலுக்கு, எத்துணைக் காலத்துக்கு, எத்துணைப் பேருக்கு என்பவற்றை அறிந்த பின்னரே ஒரு கருவியின் தகுதியை அளக்கலாகும்.

கணினிப் பொறியியலின் வரலாற்றில் இவ்வினா அரை நூற்றாண்டுக்கு மேலாக மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. தனியொருவருடைய மேசையில் இருந்துகொண்டு, பொறியியல் வரைவு, விஞ்ஞானக் கணிப்பு, படமாக்கம் முதலிய கடும்பணிகளைச் செய்யும் ஆற்றல்மிக்க கணினியைப் பணிநிலையம் என்பர். அதனுள்ளே அறிவுறுத்தல்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் உறுப்புச் செயலி எனப்படும். எப்பணியையும் செய்தற்கேற்ப அமைந்தது பொதுச் செயலி. ஒரு பணியை மாத்திரம் விரைந்து செய்தற்கென அமைந்தது சிறப்புச் செயலி. பணிநிலையத்தை வடிவமைப்போர் இவ்விரண்டனுள் எதனைத் தெரிதல் வேண்டும்? இவ்வினாவிற்குக் கடந்த காலம் அளித்த விடைகள் ஆராயத்தக்கவை.

பொதுச் செயலி ஒவ்வோர் அறிவுறுத்தலையும் நினைவகத்திலிருந்து எடுத்து, அதன் பொருளை உணர்ந்து, வேண்டிய எண்களைத் தேடிக் கொணர்ந்து, அதன் பின்னரே கணக்கைச் செய்கின்றது. ஒரு பெருக்கலுக்கு முன்னும் பின்னும் இத்தகைய ஏவற்பணிகள் பல உள. சிறப்புச் செயலியிலோ செய்யவேண்டியது யாதென்பது முன்னரே தெரியுமாதலின் அவ்வேவற்பணிகளுட் பல நீங்குகின்றன. பல பெருக்கிகளை அருகருகே வைத்து ஒரே கணத்தில் இயக்கவும் முடிகின்றது. அதன் வேகம் வந்த வழி இதுவே. அவ்வேகத்துக்குக் கொடுக்கப்படும் விலை, பணி மாறியவிடத்து அப்பொறி பயன்படாதொழிதலாகும்.

இருவர் கண்ட சக்கரம்

1968ஆம் ஆண்டில் ரி. எச். மயர், ஐவன் சதர்லாந்து என்னும் இருவர் திரைச் செயலிகளின் வடிவமைப்புப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். சதர்லாந்து 1963இல் ‘ஸ்கெச்பாட்’ என்னும் வரைவுச் செய்நிரலை ஆக்கிக் கணினித் திரையிற் படம் வரையுந் துறைக்கு வித்திட்டவர். மயரும் அவரும் திரையை இயக்குதற்குப் பொருத்தமான ஒரு சிறப்புச் செயலியை வடிவமைக்க முற்பட்டபோது விந்தையானதோர் அனுபவத்தைப் பெற்றனர்.

முதலில் மையச் செயலியே திரையின் ஒவ்வொரு புள்ளியையும் இட்டுக்கொண்டிருந்தது. அச்சுமையைக் குறைக்கும் பொருட்டுத் திரைக்கு நினைவகத்தை நேரே வாசிக்கும் ஆற்றல் அளிக்கப்பட்டது. பின்னர், ஒரே உருவத்தைப் பலமுறை வரைவதற்காக, செய்நிரலின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவி மீளும் ஆற்றல் சேர்க்கப்பட்டது. அதன்மேற் கூட்டல் வேண்டப்பட்டது, ஒப்பிடுதல் வேண்டப்பட்டது. ஒவ்வொரு படியும் சிறிதே. ஒவ்வொரு படியும் நியாயமானதே. ஆயின் இறுதியில் நோக்கியபோது, திரைக்கென அமைத்த உறுப்பு முழுக் கணினியாக வளர்ந்து நின்றது. அதற்குத் திரைப்பணி மீண்டும் சுமையாயிற்று. அச்சுமையை நீக்க இன்னுமொரு சிறப்புறுப்பு வேண்டுமென்ற எண்ணம் எழுந்தது. புறப்பட்ட இடத்துக்கே மீண்டமையை உணர்ந்த அவ்விருவரும் இச்சுழற்சியை ‘மறுபிறவிச் சக்கரம்’ என்று பெயரிட்டனர்.

பிறவிச் சுழற்சி பற்றிய எண்ணம் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. ஆயின் ஈண்டு அச்சொல் மெய்யியற் பொருளிலன்றிப் பொறியியற் பொருளிலேயே வழங்கப்பட்டது. பணி மையத்திலிருந்து புறத்தே செல்கின்றது. புறத்தே வளர்ந்து தானே ஒரு மையமாகின்றது. பின்னர் அதிலிருந்து மீண்டும் பிரிகின்றது. பிற்காலத்து வரலாறு முழுவதும் இவ்வுவமைக்கு உரையாக அமைந்ததெனலாம்.

ஒரு செயலியே யாவும் செய்தல்

பணிநிலையங்களின் முன்னோடி, செறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுநிலையத்தில் 1973இல் இயங்கத் தொடங்கிய ‘அல்ரோ’ என்னும் கணினியாகும். அதனை வடிவமைத்த சக் தாக்கர் பொதுமையின் எல்லைக்கே சென்றார். திரை, வட்டு, கணினிகளை இணைக்கும் வலையமைப்பு ஆகியவற்றுக்கெனத் தனித்தனியே விரிவான உறுப்புகளை அமைக்காது, ஒரு செயலியின் நேரத்தையே 16 பணிகளுக்குப் பங்கிட்டு அவையனைத்தையும் அதனைக்கொண்டே செய்வித்தார். உறுப்புகள் குறைந்தன; செலவும் சுருங்கிற்று.

ஆயினும் அச்சிக்கனத்திற்கு ஓர் இறை செலுத்தவேண்டியதாயிற்று. அல்ரோவின் திரை அகலத்தில் 606 புள்ளிகளையும் உயரத்தில் 808 புள்ளிகளையும் உடையது. ஒரு புள்ளிக்கு ஒரு துணுக்காக ஏறத்தாழ 490,000 துணுக்குகள் வேண்டும். 128 கிலோபைற்று அளவினதான நினைவகத்தில் ஏறக்குறைய அரைப்பங்கை இது கவர்ந்துகொண்டது. அப்புள்ளிகளை இடைவிடாது திரைக்கு அனுப்பும் வேலையிற் செயலியின் நேரமும் பெரிதும் கழிந்தது. நெடுங்கணக்கு ஒன்றைச் செய்யப் புகுந்த செய்நிரல், திரையை அணைத்துவிட்டு வேகத்தை மிகுத்துக்கொள்ளுதலும் உண்டு. ஒரு மண்வெட்டியைக் கொண்டே யாவும் செய்யப் புகுவான் வாய்க்கால் வெட்டும் நேரத்திற் பாத்தி கட்ட இயலாமை போன்றது இது.

மொழிக்கென அமைந்த பொறி

இதற்கு எதிர்த்திசையிற் சென்றோர் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தினர். ஜோன் மக்காதி 1958இல் வகுத்த லிஸ்ப் என்னும் செய்நிரல் மொழியே அவர்களுக்கு உயிராக விளங்கியது. அம்மொழியில் ஒரு பெயர் இப்பொழுது எண்ணைக் குறிக்கும். அடுத்த கணம் ஒரு பட்டியலைக் குறிக்கும். ஆகலின் ஒவ்வொரு கணக்கின் முன்னும் எடுத்த பொருள் எவ்வகையது எனச் சோதித்தல் வேண்டும். பொதுச் செயலி இதனைத் தனி அறிவுறுத்தல்களாற் செய்யுமிடத்து நேரம் வீணாகும்.

றிச்சட் கிறீன்பிளாற், ரொம் நைற் முதலியோர் 1974 தொடக்கம் இம்மொழிக்கென்றே ஒரு கணினியை ஆக்கலாயினர். அம்முயற்சியின் வழிவந்த சிம்பொலிக்ஸ் நிறுவனம் 1983இல் வெளியிட்ட 3600 என்னும் பொறி 36 துணுக்குகள் கொண்ட சொற்களையுடையது. அச்சொல்லின் ஒரு பகுதி, பொருளின் வகையைக் காட்டும் முத்திரையாக அமைந்தது. எண்களைக் கூட்டிக்கொண்டிருக்கும் வேளையிலேயே வன்பொருள் அம்முத்திரையையும் சோதித்தது. பயனற்றுப்போன நினைவக இடங்களைத் திரட்டி மீட்கும் வேலைக்கும் வன்பொருளின் துணை கிடைத்தது. பொறியும் மொழியும் ஒன்றற்கொன்று அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தின. அதனைப் பயன்படுத்தியோர் அதன் சிறப்பை நெடுங்காலம் வியந்து பேசினர்.

அச்சிறப்பு நிலைக்கவில்லை. மொற்றறோலா நிறுவனம் 1979இல் அறிமுகஞ்செய்த 68000 என்னும் பொதுச் செயலியைக் கொண்டு, 1982இல் தோன்றிய சண் மைக்றோசிஸ்ரம்ஸ் நிறுவனம் சந்தையிற் கிடைக்கும் உறுப்புகளாலேயே பணிநிலையங்களைச் செய்து விற்றது. தொடக்கத்தில் அவை லிஸ்ப் பொறிகளுக்கு ஈடாகவில்லை. ஆயின் பொதுச் செயலிகள் ஆண்டுதோறும் விரைவு பெற்றன. லிஸ்ப் மொழியை அவற்றுக்கேற்ப மாற்றும் தொகுப்பிகளும் திருந்தின. 1987ஆம் ஆண்டளவில் லிஸ்ப் பொறிகளின் சந்தை சரிந்தது. அவ்வாண்டே சிம்பொலிக்ஸின் போட்டி நிறுவனமான லிஸ்ப் மெஷீன்ஸ் முறிவடைந்தது. 1993இற் சிம்பொலிக்ஸும் அந்நிலையை அடைந்தது. இவ்விரு நிறுவனங்களுக்கும் ஆட்களைக் கொடுத்து மெலிந்த ஆய்வுகூடமோ, தன் பழைய கூட்டத்தை மீண்டும் பெறவில்லை. அறிவாற் குறைந்தோர் அல்லர் அவர்கள். வடிவமைப்பிற் பிழைத்தோரும் அல்லர். காலத்தை அளப்பதிலேயே அவர்கள் கணக்குத் தவறியது.

வடிவகணிதப் பொறி

சிறப்புச் செயலி எக்காலும் தோற்கும் என்று இதிலிருந்து முடிபு செய்தல் தவறாகும். அதே ஆண்டுகளில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜிம் கிளார்க் என்பவர் ‘வடிவகணிதப் பொறி’ எனப் பொருள்படும் பெயருடைய ஒரு சில்லை வடிவமைத்து, 1982இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். முப்பரிமாண உருவமொன்றைத் திரையிற் காட்டுதற்கு அதன் ஒவ்வொரு புள்ளியையும் நான்குக்கு நான்கான ஓர் எண்சதுரத்தாற் பெருக்குதல் வேண்டும். அஃதாவது ஒரு புள்ளிக்கு 16 பெருக்கல்களும் 12 கூட்டல்களும் ஆம். புள்ளிகள் பல்லாயிரமாயினும் செய்கை ஒன்றே. ஒரு புள்ளியின் கணக்கு மற்றொன்றின் விடைக்காகக் காத்திருப்பதும் இல்லை.

கிளார்க்கின் அமைப்பில் ஒரே வகையான 12 சில்லுகள் வரிசையாக நின்றன. 4 சில்லுகள் பெருக்கலைச் செய்தன. 6 சில்லுகள் இடம், வலம், மேல், கீழ், அண்மை, சேய்மை என்னும் ஆறு எல்லைகளுக்குப் புறத்தே செல்வனவற்றை வெட்டி நீக்கின. எஞ்சிய 2 சில்லுகள் விடைகளைத் திரையின் அளவுக்குப் பொருத்தின. ஒன்று முடித்ததை அடுத்தது பெற்று, ஆலைத் தொழிலாளர் கைமாற்றுவது போல வேலை ஓடியது. அவர் தொடங்கிய சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் பொதுப்பணிகளுக்கு மொற்றறோலாவின் செயலியையே வைத்துக்கொண்டது; வடிவகணிதத்தை மாத்திரம் சிறப்புச் சில்லுகளிடம் ஒப்புவித்தது. பொதுமையைத் துறவாது சிறப்பைத் துணைக்கொண்ட இவ்வமைப்பு பொறியியலாளரையும் திரைப்படத் துறையினரையும் கவர்ந்தது. 1993இல் வெளிவந்த ‘ஜுறாசிக் பார்க்’ படத்தின் கணினிக் காட்சிகள் அந்நிறுவனத்தின் பணிநிலையங்களிலேயே ஆக்கப்பட்டன.

பிக்சார் நிறுவனத்தின் கதை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இன்று படங்களாற் புகழ்பெற்ற அந்நிறுவனம் 1986இற் கணினி விற்பதற்கே புறப்பட்டது. ‘பிக்சார் படக் கணினி’ எனப்பட்ட அதன் பொறி, நிறங்கள் மூன்றையும் ஒளிபுகுதன்மையையும் நான்கு கூறுகளாகக் கொண்டு ஒரே வேளையிற் கணித்தது. அதன் விலை 135,000 டொலர். அதுவும் தனித்து இயங்காது. வேறொரு பணிநிலையம் அதற்குத் தலைமை தாங்க வேண்டும். மருத்துவமனைகளும் அரச நிறுவனங்களும் சில வாங்கினவாயினும் விற்பனை பெருகவில்லை. 1990இல் நிறுவனம் அத்தொழிலை விற்றுவிட்டது. ஐந்தாண்டு கழித்து, 1995இல், முழுவதும் கணினியாலாய முதல் நெடும்படமான ‘ரோய் ஸ்ரோறி’யை அதே நிறுவனம் ஆக்கியபோது, இறுதிப் படங்களைக் கணித்தவை சண் நிறுவனத்தின் 117 பொதுநோக்குக் கணினிகளாகும். சிறப்புப் பொறியைச் செய்தவர்களே தம் பெரும்பணிக்குப் பொதுப் பொறியை நாடினர் என்பது எண்ணத்தக்கது.

தெரிவின் மூன்று அளவுகோல்கள்

மேற்கூறிய கதைகளிலிருந்து மூன்று அளவுகோல்கள் புலனாகின்றன.

முதலாவது, பங்கு. ஜீன் அம்டால் 1967இற் காட்டியவாறு, ஒரு வேலையின் எப்பகுதி விரைவுபடுத்தப்படுகின்றதோ அப்பகுதியின் அளவே மொத்தப் பயனுக்கு எல்லை வகுக்கின்றது. 100 நிமிட வேலையொன்றில் 60 நிமிடப் பகுதியைச் சிறப்புச் செயலி பத்து மடங்கு விரைவாக்கினால் அது 6 நிமிடமாகும். மற்றை 40 நிமிடம் அவ்வாறே நிற்கும். மொத்தம் 46 நிமிடம். அதாவது பயன் ஏறத்தாழ இருமடங்கே. சிறப்புச் செயலி அளவிறந்த வேகமுடையதாயினும் 40 நிமிடத்துக்குக் கீழே செல்ல இயலாது. 95 நிமிடப் பகுதியை அவ்வாறு விரைவாக்கினாலோ மொத்தம் பதினான்கரை நிமிடமாய்க் குறையும்.

இரண்டாவது, காலம். பொதுச் செயலி ஈராண்டுக்கு ஒருமுறை இருமடங்கு விரைவடைகின்றதெனக் கொள்க. அதனினும் நான்கு மடங்கு விரைவுடைய சிறப்புச் செயலியொன்றை வடிவமைத்து விற்பனைக்குக் கொணர நான்கு ஆண்டுகள் செல்லுமாயின், அது வெளிவரும் நாளிற் பொதுச் செயலியும் அவ்விடத்தை எட்டியிருக்கும். உழைப்பு முழுவதும் ஓடுகின்ற நீரில் எழுதிய எழுத்தாய்விடும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரு சில்லை வடிவமைக்கும் செலவு, அது ஆயிரம் விற்றாலும் பத்திலட்சம் விற்றாலும் பெரிதும் மாறுவதில்லை. பலர் வாங்கும் பொதுச் செயலியில் அச்செலவு சிறுதுளியாகப் பங்கிடப்படும். அவ்வருவாயைக் கொண்டு அடுத்த சில்லும் உடனே வடிவமைக்கப்படும். சிலரே வாங்கும் சிறப்புச் செயலியிலோ ஒவ்வொருவர் தலையிலும் பெரும்பங்கு விழும். அடுத்த வடிவமைப்புப் பின்தள்ளப்படும். லிஸ்ப் பொறிகளையும் பிக்சார் பொறியையும் வீழ்த்தியவற்றுள் இதுவே தலையாயது.

காற்றுத் திசை மாறுதல்

இவ்வளவுகோல்களுள் இரண்டாவது, 2004ஆம் ஆண்டளவில் தன் வலிமையை இழக்கத் தொடங்கியது. திரான்சிற்றர்களைச் சிறிதாக்கும்போது அவற்றுக்கு வேண்டும் மின்வலுவும் அதே அளவிற் குறையும் என்னும் விதியை றொபட் டெனாட்டும் அவருடைய துணைவரும் 1974இல் வகுத்திருந்தனர். முப்பது ஆண்டுகளாகப் பொதுச் செயலியின் வேகத்தைத் தாங்கி நின்ற அவ்விதி பின்னர் பொய்க்கலாயிற்று. சில்லுகளின் வெப்பம் தாங்கொணாததாயிற்று. 2004 மே மாதத்தில் இன்ரெல் நிறுவனம் தான் அடுத்து வெளியிடவிருந்த செயலித் திட்டமொன்றைக் கைவிட்டு, ஒரு சில்லில் இரு கருக்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. காத்திருந்தாற் பொதுச் செயலி தானே விரைவடையும் என்ற நம்பிக்கை அத்தோடு தளர்ந்தது.

மூன்றாவது அளவுகோலோ அதற்கு முன்னரே வேறொரு வழியால் நிறைவுற்றது. வீட்டுக் கணினியில் விளையாட்டுகளை விரும்பிய கோடிக்கணக்கானோர் படச் செயலியின் செலவைத் தமக்குள்ளே பங்கிட்டுக்கொண்டனர். 1999இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ‘ஜீபோர்ஸ் 256’ என்னும் சில்லு, முன்னர் கிளார்க்கின் சில்லு வரிசை செய்த வேலையை மலிவான வீட்டுக் கணினிக்குட் கொணர்ந்தது. இத்தகைய மலிவான படச் சில்லுகளோடு போட்டியிட இயலாத சிலிக்கன் கிராபிக்ஸ் 2006இலும் மீண்டும் 2009இலும் முறிவுப் பாதுகாப்பை நாடியது. சண் நிறுவனமும் 2010இல் ஒறாக்கிள் நிறுவனத்தோடு சேர்ந்து மறைந்தது.

அதன்பின் சக்கரம் மேலும் சுழன்றது. படச் செயலிக்கு 2001 தொடக்கம் செய்நிரல் எழுதும் வசதி சிறிது சிறிதாக அளிக்கப்பட்டது. 2007இல் ‘கூடா’ என்னும் செய்நிரல் அமைப்பு வந்தபோது அச்செயலி படத்தை விட்டு எக்கணக்கையும் செய்யும் நிலையை எய்தியது. 2012இல் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர், விளையாட்டுக்கென விற்கப்பட்ட இரு படச் செயலிகளைக் கொண்டு படங்களை இனங்காணும் நரம்பு வலையொன்றைப் பயிற்றி உலகை வியப்பித்தனர். அவ்வேலை பெருகியதும், 2017இல் வெளிவந்த ‘வோல்ரா’ என்னும் சில்லில் எண்சதுரங்களைப் பெருக்குதற்கென்றே தனியுறுப்புகள் அமைக்கப்பட்டன. சிறப்புறுப்பாய்ப் பிறந்தது பொதுச் செயலிபோல் வளர்ந்து, தன்னுள்ளே மீண்டுமொரு சிறப்புறுப்பை ஈன்றது. 1968இல் இருவர் கண்ட சக்கரம் பொய்க்கவில்லை.

எஞ்சி நின்றது யாது?

பொறிகள் இவ்வாறு தோன்றியும் மறைந்தும் வர, அவற்றை நம்பி உழைத்தோரின் பயன் என்னாயிற்று என்பதே முடிவில் எழும் வினா. ஒரு பொறி சந்தையிலிருந்து மறையும்போது இரும்பும் சிலிக்கனும் மாத்திரம் மறைவதில்லை. அதற்கென ஆண்டாண்டாக எழுதப்பட்ட செய்நிரல்களும், அதனைக் கையாளப் பயின்றோரின் திறனும் உடன் வீழ்கின்றன. சிம்பொலிக்ஸ் பொறியின் இயக்க மென்பொருளை வாழ்நாட் பணியாகக் கொண்டோர் இவ்விழப்பை நேரிற் கண்டனர்.

ஆயினும் அக்கதைகள் மூன்றிலும் அழியாது நின்றது ஒன்று உண்டு. லிஸ்ப் பொறிகள் மறைந்தன. ‘கொமன் லிஸ்ப்’ என்னும் பொதுமொழி 1994இல் அமெரிக்க நியமமாக வகுக்கப்பட்டு இன்றும் வழங்குகின்றது. வடிவகணிதப் பொறி மறைந்தது. சிலிக்கன் கிராபிக்ஸ் 1992இல் ஏனைய நிறுவனங்களுக்கும் திறந்துவிட்ட ‘ஓப்பன் ஜீஎல்’ என்னும் இடைமுகம், அந்நிறுவனத்தை வென்றோருடைய சில்லுகளிலும் இயங்கியது. பிக்சார் படக் கணினி மறைந்தது. 1988இல் வெளியிடப்பட்ட ‘றெண்டர்மான்’ இடைமுகம், எப்பொறியிலும் இயங்கத்தக்கதாக அமைந்தமையால், ‘ரோய் ஸ்ரோறி’யையும் அதன் பின்வந்த படங்களையும் ஆக்க உதவியது. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே தெளிவான உடன்படிக்கையொன்றை எழுதி வைத்தோரின் உழைப்பு, பொறி மாறியபோதும் மாறாது நின்றது.

ஆகலின் வடிவமைப்போர் தம்மைத் தாமே வினாவவேண்டியவை நான்கு. இப்பணி மொத்த வேலையிற் பெரும்பங்கா? அதன் வடிவம் இனி மாறாவண்ணம் நிலைபெற்றதா? அதனை வேண்டுவோர் செலவைத் தாங்குமளவிற்குப் பலரா? பொறி மறைந்தபின்னும் அதன்மேல் எழுதப்பட்டவை பிழைக்குமா? முன்னைய மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைப்பிற் சிறப்புச் செயலியைத் துணிந்து தெரியலாம். அல்லாதவிடத்துப் பொதுச் செயலியே போதும். நான்காவது வினாவுக்கோ இரு வழிகளுள் எதனைத் தெரிந்தாலும் ஆம் என்ற விடையைத் தேடிக்கொள்ளுதல் வேண்டும். கருவி தேயும், மாறும், புதியது வரும். கருவியின் பிடியை எவர் கைக்கும் பொருந்தச் செய்தவன் தொழிலே தலைமுறை கடந்து வாழும்.